கரடு வேறு, முரடு வேறு

கேள்வி கேட்டவர் பெங்களூருக்குக் குடிவந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. கன்னட எழுத்தை இப்போதுதான் கூட்டிக் கூட்டிப் படிக்கிறார். குடியிருப்பின் அறிவிப்புப் பலகையில் 'கரடு மததாரர பட்டி' என்று ஒரு தாள் ஒட்டியிருந்ததாம். "கரடு என்றால் கரடுமுரடுதானே? வாக்காளர்களை ஏன் முரடர் என்கிறார்கள்? இதுவும் நம் கரடும் ஒரே சொல்லா? கரடு, முரடு, சொரசொரப்பு எல்லாம் ஒரே பொருள்தானா? ரஃப் என்பதற்குச் சரியான தமிழ் எது?" என்று கேட்டிருக்கிறார். கடைசியில் தன் கணவர் பெயரில் 'ழ' இருக்க வேண்டிய இடத்தில் 'ள' இருப்பதாகவும் ஒரு வரி. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நான் பிறந்தது கோபிசெட்டிபாளையம் பக்கம். பிழைத்தது பெங்களூரின் தொழிற்பேட்டையான பீனியாவில். முப்பத்திரண்டு வருஷம், அச்சும் கருவியும் செய்கிற ஒரு டூல் ரூமில் இரும்பைச் சீவிக்கொண்டிருந்தேன். இப்போது அதே ஊரில் ஸ்ரீராமபுரத்தில் உட்கார்ந்து அகராதி புரட்டுகிறேன். அதனால் இந்தக் கேள்வியில் எனக்கு மூன்று பக்கத்துச் சொந்தம்: ஊரில் கரட்டைப் பார்த்து வளர்ந்தவன், தொழிலில் சொரசொரப்பை அளந்தவன், நாற்பது வருஷமாகக் கன்னடக்காரர்களோடு டீ குடிப்பவன். பதில் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பயத்தைப் போக்கிவிடுகிறேன். 'கரடு மததாரர பட்டி' என்றால் வரைவு வாக்காளர் பட்டியல். மததாரர் வாக்காளர், பட்டி பட்டியல், கரடு வரைவு. யாரையும் முரடர் என்று சொல்லவில்லை. தமிழ்க் கண்ணோடு படித்தால் அது ஏதோ ஊர்ப் பெயர் மாதிரி இருக்கும். மதுரைப் பக்கம் கரட்டுப்பட்டி என்று ஊரே இருக்கிறது. இதைவிடப் பெரிய வேடிக்கை பின்னால் வரும். ஆட்சேபணை எல்லாம் கேட்டு முடித்தபின் இறுதிப் பட்டியல் ஒட்டுவார்கள். அதன் பெயர் 'அந்திம மததாரர பட்டி'. நமக்கு அந்திமம் என்றாலே சுடுகாட்டு ஞாபகம்தான். நான் முதன்முதலில் பார்த்தபோது, செத்துப்போனவர்கள் பட்டியல் போலிருக்கிறது என்று நினைத்து என் பெயர் இருக்கிறதா என்று பதறித் தேடினேன். இருந்தது. அப்புறம் பக்கத்து வீட்டுக்காரர் விளக்கம் சொல்லிச் சிரித்தார்.

சரி, அந்தக் கரடும் நம் கரடும் ஒன்றா? ஒன்றுதான். மொழியியலாளர்கள் பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியில் தமிழ், மலையாள, கன்னட, துளுக் கரடுகள் எல்லாம் ஒரே பதிவுக்குள் இருக்கின்றன. சமமாக இல்லாதது, செப்பனிடாதது என்பதுதான் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் பொருள். ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் இந்தப் பிள்ளை ஒவ்வொரு விதமாக வளர்ந்திருக்கிறது.

எங்கள் வீட்டிலிருந்து தொடங்குகிறேன். கொங்குப் பக்கம் கரடு என்றால் குன்று. மலை என்று சொல்லும் அளவுக்குப் பெரிதில்லை, மேடு என்று விட்டுவிடும் அளவுக்குச் சிறிதுமில்லை. பாறையும் முள்ளுமாக, உழவுக்கு உதவாமல், ஆடு மேய மட்டும் லாயக்காக நிற்பது. கோபிக்குப் பக்கத்தில் கரட்டடிபாளையம் இருக்கிறது, கரட்டின் அடியில் அமைந்த பாளையம். கோயம்புத்தூரில் சரவணம்பட்டிப் பக்கம் கரட்டுமேடு, மேலே முருகன். தேனிப் பக்கத்து ஆட்களும் கரடு என்றுதான் சொல்வார்கள். பெங்களூரில் லால்பாக்குக்குப் போனால் கெம்பேகவுடா கோபுரம் நிற்கும் அந்தப் பெரிய பாறையைப் பாருங்கள். ஏறக்குறைய 300 கோடி ஆண்டுப் பழைய பாறை என்று புவியியல்காரர்கள் பலகை வைத்திருக்கிறார்கள். அது எங்கள் ஊரில் கிடந்திருந்தால் பலகையும் இருந்திருக்காது, டிக்கெட்டும் இருந்திருக்காது. 'கரடு' என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு ஏறியிருப்போம்.

அந்தக் கரட்டில் வெயில் காய்கிற ஓணானுக்கும் கரட்டான் என்று பெயர். மதுரைக்குத் தெற்கே கரட்டாண்டி. கரட்டில் இருப்பதால் வந்த பெயரா, அதன் தோல் கரடாக இருப்பதால் வந்த பெயரா என்று கேட்டால், அந்த முதுகைத் தொட்டுப் பார்த்த எவனும் இரண்டாவது காரணத்துக்குத்தான் கை தூக்குவான்.

அப்புறம் 'கரடுதட்டிப் போவது'. மழை பெய்து காய்ந்து, ஏர் படாமல் கிடந்து இறுகிப்போன நிலத்தைக் கரடுதட்டிப் போச்சு என்பார்கள். அங்கிருந்து மேடைக்கும் பத்திரிகைக்கும் போய், 'கரடுதட்டிப்போன சிந்தனை' என்று எழுதுகிறார்கள். நல்ல சொல்லாட்சிதான். ஆனால் எழுதுகிறவர்களில் பாதிப்பேர் அதை வெறும் 'பழைய' என்ற அர்த்தத்தில் போடுகிறார்கள். பழசானதெல்லாம் கரடுதட்டாது. உழுதால் இளகும் என்கிற நம்பிக்கையும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது, அதைத் தொலைத்துவிட்டு எழுதுகிறார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். குன்று, நிலம் இரண்டிலும் கரடு என்பது இன்னும் கைபடாதது. பெங்களூர் ரோட்டைத் திட்டும்போது நாம் என்ன சொல்கிறோம்? குண்டும் குழியுமாக இருக்கிறது என்கிறோம். கரடுமுரடாக இருக்கிறது என்று சொல்வதில்லை. காட்டுப்பாதை கரடுமுரடானது, ஏனென்றால் அதை யாரும் போடவே இல்லை. அவுட்டர் ரிங் ரோட்டுக்குப் பக்கத்துத் தெரு குண்டும் குழியுமானது, ஏனென்றால் போட்டார்கள், அப்புறம் தண்ணீர்க்குழாய்க்குத் தோண்டினார்கள், மூடினார்கள், கேபிளுக்கு மறுபடியும் தோண்டினார்கள். போடாததற்கு ஒரு சொல், போட்டுக் கெடுத்ததற்கு இன்னொரு சொல். தமிழ் பேசுகிற ஆட்டோக்காரர் யாரும் இந்த இரண்டையும் மாற்றிச் சொல்லி நான் கேட்டதில்லை.

இந்தப் 'படாதது' என்கிற பொருளை இறுகப் பிடித்துக்கொண்டதுதான் கன்னடம். எழுதியாகிவிட்டது, இன்னும் இழைக்கவில்லை என்றால் அது கரடு. அரசாங்கம் வெளியிடும் வரைவு அறிவிக்கையும் கரடு, மாணவன் எழுதும் முதல் படியும் கரடு. அச்சகத்தில் பிழை பார்க்கத் தரும் தாளுக்குக் 'கரடச்சு' என்று பெயர். கரடு, அச்சு, அவ்வளவுதான். நாம் அதை மெய்ப்பு என்கிறோம், ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்த்து வைத்தது. பிழை மலிந்த ஒரு தாளுக்கு மெய் என்று பெயர் வைத்திருக்கிறோமே என்று எனக்கு எப்போதும் ஒரு சிரிப்பு. கரடச்சு நேர்மையான பெயர்.

மலையாளத்திலும் இதே கதைதான். கேரளத்தில் வரைவு வாக்காளர் பட்டியல் 'கரடு வோட்டர் பட்டிக'. அவர்களுக்கு இன்னொரு கரடும் உண்டு. கண்ணில் விழும் தூசுக்குக் கரடு என்பார்கள். 'கண்ணிலெ கரடு' என்றால் உறுத்துகிற ஆள். விவிலியத்தில் அடுத்தவன் கண்ணில் இருப்பதைப் பார்க்காதே என்று வருகிற இடத்தில் தமிழில் துரும்பு, மலையாளத்தில் கரடு. ஒரு கரடு எங்கள் ஊரில் ஆடு மேய்கிற குன்று, மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டினால் இமைக்குள் அடங்குகிற தூசு.

அப்படியானால் தமிழில் மட்டும் இந்த 'முடிவுறாத' பொருள் இல்லையா? இருந்தது. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகள் நகைகளை ஒவ்வொன்றாகக் கணக்கெழுதி வைத்திருக்கின்றன. 1010 வாக்கில் கட்டி முடித்த கோயில், ஆயிரம் வருஷக் கணக்கு. அதில் முத்துகளைத் தரம் பிரித்திருக்கும் அழகைப் பார்க்க வேண்டும். வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, நிம்பொளம், பயிட்டம் என்று போகிற அந்த வரிசையில் 'கரடு' என்று ஒரு தரம் வருகிறது, அடுத்து இரட்டை, சப்பத்தி. கல்வெட்டுகளைப் பதிப்பித்த ஹுல்ட்ஷ், கரடு என்பதைச் செப்பமில்லாத முத்து என்றே மொழிபெயர்த்தார். வட்டமாகத் தேறாத, மேடு தட்டிய முத்து. கோயில் அதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை, எண்ணிக் கோத்து எடை போட்டு எழுதி வைத்தது. கன்னடக்காரர் வாக்காளர் பட்டியலைக் கரடு என்பதும் தஞ்சைக் கணக்கன் முத்தைக் கரடு என்பதும் ஏறக்குறைய ஒரே மனசுதான்: பொருள் நல்லது, இன்னும் ஒப்பாகவில்லை.

பிறகு நாம் அந்தச் சொல்லைக் குன்றின்மேல் விட்டுவிட்டு வந்துவிட்டோம். அந்த இடத்துக்கு வெளியிலிருந்து ஆள் எடுத்தோம், அதுவும் மூன்று பேரை. சட்டமன்றத்தில் வைக்கும் மசோதா ஒன்று. அது அரபுச் சொல், உருதுவழியாக வந்தது, முதலில் அதன் பொருளே எழுதிக் கறுப்பாக்கிய நகல் என்பதுதான். இந்தியில் மசௌதா என்றும் தெலுங்கில் முசாயிதா என்றும் இன்றைக்கும் வரைவையே குறிக்கிறது. இரண்டாவது கச்சா, இந்தியிலிருந்து வந்தது, பழுக்காதது, பக்குவமாகாதது. கச்சா எண்ணெய், கச்சாப் பொருள். கன்னடக்காரரும் எண்ணெய்க்குக் கச்சாவைத்தான் வைத்திருக்கிறார்கள், அதனால் அவர்களை ரொம்பவும் தூக்கி வைக்க வேண்டாம். மூன்றாவது நம் பள்ளிக்கூடப் பையில் இருந்த ரஃப் நோட்டு. மூன்று பேர் செய்கிற வேலையைக் கரடு ஒருவனே செய்திருப்பான்.

வரைவு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, நல்ல சொல்தான். அரசாணையில் நன்றாகவே உட்கார்ந்துவிட்டது. ஆனால் சங்க இலக்கியம் படித்தவர்களுக்கு வரைவு என்றால் கல்யாணம். களவில் சந்திக்கிற தலைவனைச் சீக்கிரம் வரைந்துகொள் என்று தோழி நெருக்குவதற்கு வரைவு கடாதல் என்றே துறைப் பெயர். 'வரைவு வாக்காளர் பட்டியல்' என்றால் அந்தத் தோழி, கல்யாண ஓலைக்கு ஆள் சேர்க்கிறார்கள் என்று நினைத்திருப்பாள். போதாக்குறைக்கு வரை என்றால் மலை என்றும் பொருள். நாம் மலையில் எழுதுகிறோம், அவர்கள் கரட்டில் எழுதுகிறார்கள்.

இனி இரண்டாவது கேள்வி. கரடு, முரடு, சொரசொரப்பு எல்லாம் ஒன்றா? இல்லை. ரஃப் என்று ஆங்கிலம் ஒரே மூட்டையாகக் கட்டுவதைத் தமிழ் அவிழ்த்து உடம்பின் ஒவ்வொரு இடத்துக்கும் பங்கு வைத்திருக்கிறது. எது அதைச் சந்திக்கிறது என்று கேட்டால் சொல் தானாக வரும்.

விரலும் தோலும் சந்தித்தால் சொரசொரப்பு. சவரம் செய்யாத தாடை, பூனையின் நாக்கு, சுண்ணாம்பு அடிக்காத சுவர். பள்ளிப் பாடத்தில் உராய்வு பற்றி வருகிற இடத்திலும் 'சொரசொரப்பான தளம்' என்றுதான் போட்டிருப்பார்கள், சரியான தேர்வு. வெண்டைக்காய்ச் செடியில் கை வைத்தால் அரிக்குமே, அந்த நுண்மயிருக்குச் சுணை என்று தனிப் பெயர். கால் சந்தித்தால் கரடுமுரடு. தொண்டையும் காதும் சந்தித்தால் கரகரப்பு, ஜலதோஷக் குரலும் பழைய ரேடியோவும். பல் சந்தித்தால் நறநற. கீரையைச் சரியாக அலசாமல் கடைந்துவிட்டால் முதல் வாயிலேயே தெரியும், சாப்பிடுகிறவர் முகத்திலும் தெரியும்.

சமையலறையில் கைக்கும் நாக்குக்கும் நடுவில் இன்னொன்று: கொரகொரப்பு. அடைக்கு அரைப்பது கொரகொரவென்று இருக்க வேண்டும். இட்லிக்கு உளுந்து பஞ்சு மாதிரி, அரிசி மட்டும் ரவைப் பதத்தில். ஒன்றிரண்டாக இடிப்பது, ஒன்றும் பாதியுமாக உடைப்பது என்றெல்லாம் சொல்கிறோமே, அவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு. மிளகு ஒன்றிரண்டாக இருக்கலாம், கொரகொரப்பாக இருந்தால் அது வேறு ரசம். கன்னட வீட்டில் இதற்குத் 'தரிதரி' என்பார்கள், தரிதரியாக ருப்பு என்றால் கொரகொரவென்று அரை. எதிர்ப்பதம் 'நுண்ணகெ'. நம்முடைய நுண்மைதான் அது. நாம் என்ன சொல்கிறோம்? 'நைஸா அரைச்சுடு.' நுண்ணை அவர்களிடம் கொடுத்துவிட்டு நைஸை வாங்கிக்கொண்டோம்.

சொரசொரப்பு ஒரு குறை என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். அம்மி வைத்திருந்தவர்களைக் கேளுங்கள். அரைத்து அரைத்து அம்மி வழுவழுப்பாகிவிட்டால் மிளகாய் வழுக்கிக்கொண்டு ஓடும், அரைபடாது. அதனால்தான் 'அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ' என்று உளியோடு தெருவில் ஆள் வந்தார்கள். காசு கொடுத்துச் சொரசொரப்பை வாங்கினோம். ஸ்ரீராமபுரத்தில் நான் குடிவந்த புதிதில்கூட இந்தக் குரல் தமிழிலேயே கேட்கும். மாவுமில்காரர்களுக்கும் இதே கதை, கல்லைக் கொத்தாமல் தானியம் மாவாகாது.

இன்னொரு சொரசொரப்பு, கொஞ்சம் விலகிப் போகிறேன். திருச்சிக்குப் பக்கத்தில் காவிரிக்கரையில் திருப்பராய்த்துறை இருக்கிறது. பராய் மரத்தைத் தலமரமாகக் கொண்டதால் அந்தப் பெயர். பராய் இலையைத் தடவிப் பாருங்கள், உப்புத்தாள் மாதிரி இருக்கும். உப்புத்தாள் வருவதற்கு முன்னால் மரத்தையும் தந்தத்தையும் அந்த இலையால்தான் தேய்த்து வழவழப்பாக்கினார்கள். தாவரவியலாளர் வைத்த லத்தீன் பெயரின் இரண்டாம் பாதி 'ஆஸ்பெர்'. அதற்கு என்ன பொருள் என்று நினைக்கிறீர்கள்? சொரசொரப்பானது.

இப்போது என் தொழில். பட்டறையில் 'ரஃப்' என்பது வசவு இல்லை, வேலையின் முதல் கட்டம். லேத்தில், அதாவது கடைசல் இயந்திரத்தில், முதலில் ரஃபிங் ஓட்டுவோம், அதிகப்படி இரும்பை வேகமாகச் சீவித் தள்ளுவது. அப்புறம் ஃபினிஷிங், மெல்ல மெல்ல. அரத்திலும் அப்படித்தான், ரஃப், பாஸ்டர்டு, செகண்ட் கட், ஸ்மூத் என்று பல் பொடியாகிக்கொண்டே போகும். பாஸ்டர்டு அரம் கொண்டா என்று சீனியர் கத்தும்போது புதுப் பையன்கள் தன்னைத்தான் திட்டுகிறார் என்று முழிப்பார்கள். எல்லாப் பட்டறையிலும் வருஷா வருஷம் நடக்கிற கூத்து.

பழைய வரைபடங்களில் பரப்பின்மேல் முக்கோணம் போட்டிருப்பார்கள். ஒரு முக்கோணம் என்றால் முரட்டுச் சீவல், மூன்று என்றால் நைஸ், நான்கு என்றால் கண்ணாடி. பிறகு எண் வந்தது. மேடு பள்ளங்கள் நடுக்கோட்டிலிருந்து சராசரியாக எவ்வளவு விலகுகின்றன என்பதை மைக்ரானில் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சொல்கிற அளவு, ஆர்ஏ என்போம். அதையே என்1 முதல் என்12 வரை தரமாகவும் குறிப்பார்கள். என்1 என்றால் 0.025 மைக்ரான், ஒவ்வொரு படிக்கும் ஏறக்குறைய இரட்டிப்பாகி என்12 என்றால் 50 மைக்ரான். தலைமுடியின் தடிமனே 70 மைக்ரான் அளவில்தான். என்7, அதாவது 1.6 மைக்ரான் வந்தால் பல வேலைகளுக்குப் போதும். வைர முனை வைத்த ஊசி பரப்பின்மேல் மெல்ல ஊர்ந்துபோய் இதை அளக்கும். ஊசி வருவதற்கு முன்னாலும், வந்த பின்னாலும், முதல் கருவி விரல் நகம்தான். நகத்தால் குறுக்கே ஒரு கீறு கீறினால் என்7-ஆ என்8-ஆ என்று சொல்லிவிடுகிற ஆட்கள் எங்களோடு இருந்தார்கள்.

இதில் சுவையானது ஒன்று உண்டு. அளவியலில் சொரசொரப்பு வேறு, அலைவு வேறு, வடிவக்கோணல் வேறு. எல்லாம் மேடு பள்ளம்தான், ஆனால் எவ்வளவு தூரத்துக்கு ஒரு மேடு என்பதில் வித்தியாசம். சாதாரணமாக 0.8 மில்லிமீட்டரை எல்லையாக வைத்து, அதைவிட நெருக்கமான மேடு பள்ளத்தைச் சொரசொரப்பில் சேர்ப்போம், அதைவிட அகலமானதை அலைவில் தள்ளுவோம். விரலுக்குச் சொரசொரப்பு, காலுக்குக் கரடுமுரடு, வண்டிக்கு மேடுபள்ளம் என்று தமிழ் பிரித்து வைத்திருப்பதும் இதேதான், மில்லிமீட்டர் போடவில்லை, அவ்வளவுதான்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதம். ஒரு சிலிண்டரின் உள்பரப்பைக் குறுக்குமறுக்காகக் கோடு விழும்படி தேய்ப்புக்கல்லால் ஹோனிங் செய்யச் சொன்னார்கள். எனக்கோ பளபளப்புதான் திறமை என்று எண்ணம். எமரித்தாளை வைத்து மத்தியானம் முழுக்கத் தேய்த்து, முகம் பார்க்கிற மாதிரி ஆக்கிப் பெருமையாகக் கொண்டுபோய் வைத்தேன். மேஸ்திரி கன்னடக்காரர். உள்ளே விரலை விட்டுத் தடவினார். "யாரு இஷ்ட்டு நுண்ணகெ மாடு அந்த்த ஹேளித்து?" என்றார். யார் இவ்வளவு வழவழப்பாக ஆக்கச் சொன்னது என்று. அந்தக் கோடுகள்தான் எண்ணெயைப் பிடித்து வைக்கும். கண்ணாடி மாதிரி இருந்தால் எண்ணெய் நிற்காது, பிஸ்டன் வளையம் சுவரை உரசித் தின்றுவிடும். நான் கெடுத்தது ஒரு சிலிண்டர், சம்பளத்தில் பிடிக்காமல் விட்டார். அன்றைக்குத்தான் எங்கள் பாட்டி ஏன் அம்மி கொத்துகிறவனுக்குக் காசோடு மோரும் கொடுத்தாள் என்று புரிந்தது.

முரடுக்கு வருகிறேன். கரடுமுரடு என்று ஜோடியாகவே சொல்லிப் பழகியதால் இரண்டும் ஒன்று என்று தோன்றுகிறது. கரடு கிடக்கும், முரடு எதிர்க்கும். முரண் என்கிற சொல்லைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், விளங்கும். முரட்டுத் துணி உடம்போடு ஒத்துப்போகாமல் விறைத்து நிற்பது. முரட்டு மாடு கயிற்றுக்கு எதிராக இழுப்பது. முரட்டுப் பிடிவாதம், முரட்டு வைத்தியம் எல்லாவற்றிலும் ஒரு பலம் இருக்கிறது. அதனால்தான் முரடன் என்று ஆளைச் சொல்லலாம், கரடன் என்று சொல்ல முடியாது. ஆளைப் பற்றிக் கரடை இழுக்க வேண்டுமானால் 'கரடுமுரடான ஆள், ஆனா நல்ல மனுஷன்' என்று ஒரு 'ஆனா' சேர்ந்தே வரும். முரடனுக்கு அந்தச் சலுகையை நாம் எப்போதும் தருவதில்லை. கன்னடத்தில் இந்த இடத்தில் 'ஒரட' என்பார்கள். கரடு அவர்களுக்குக் காகிதத்தோடு சரி.

ஆனால் இன்றைய பிள்ளைகள் முரட்டை வேறு உயரத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். முரட்டு சிங்கிள், முரட்டு பக்தன், முரட்டு ஃபேன். இங்கே சொரசொரப்பும் இல்லை, அடிதடியும் இல்லை. அசைக்க முடியாத, சமாதானத்துக்கு வராத என்பதுதான் பொருள். சிலர் இதைக் கேட்டு முகம் சுளிக்கிறார்கள். எனக்குப் பிடித்திருக்கிறது. முரட்டுப் பிடிவாதத்தில் ஏற்கெனவே இருந்த பொருளைத்தான் எடுத்து நீட்டியிருக்கிறார்கள். அகராதி போடுகிறவர்கள் சீக்கிரம் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பேச்சைச் சொல்லும்போது மட்டும் கவனம். 'ரஃப்பா பேசுறான்' என்பதற்குக் கரடும் ஒட்டாது, சொரசொரப்பும் ஒட்டாது. குறள் வன்சொல் என்கிறது. பேச்சுவழக்கில் வெடுக்கென்று, சுள்ளென்று, முகத்தில் அடித்த மாதிரி என்று எத்தனையோ இருக்கின்றன. 'ரஃப்பா எவ்வளவு ஆகும்' என்றால் இன்னொரு வீடு: குத்துமதிப்பு, உத்தேசம், தோராயம், சுமார். இவற்றில் குத்துமதிப்புதான் எனக்குச் செல்லம். கர்நாடகத்தில் 'அந்தாஜு' என்று கேளுங்கள், ஆட்டோக்காரர் மீட்டர் போடாமலே சொல்லிவிடுவார்.

ஆகவே ரஃப் என்பதற்குச் சரியான தமிழ் எது என்று ஒரே சொல் கேட்காதீர்கள். எதைத் தொட்டீர்கள், எதனால் தொட்டீர்கள் என்று சொல்லுங்கள், சொல் கிடைக்கும். என்னைக் கேட்டால், பிள்ளைகளின் ரஃப் நோட்டைக் கரட்டு நோட்டு என்று சொல்லிப் பார்க்கலாம். எங்கள் வீட்டில் பேத்தியிடம் சொல்லிப் பார்த்தேன். "தாத்தா, கேரட் நோட்டா?" என்றாள். விட்டுவிட்டேன்.

கடைசியாக உங்கள் வீட்டுக்காரர் பெயர். கரடுப் பட்டியில் பிழை இருந்தால் 8-ஆம் படிவம் கொடுத்துத் திருத்திக்கொள்ளலாம், விட்டுப்போயிருந்தால் 6-ஆம் படிவம். கதவு எண்ணும் வயதும் தப்பாக இருந்தால் உடனே செய்யுங்கள். ஆனால் இந்த 'ள' விஷயத்துக்குப் படிவம் கிடையாது. பழைய கன்னடத்தில் ழகரம் இருந்தது, கல்வெட்டுகளில் இன்றைக்கும் பார்க்கலாம். பிற்பாடு வழக்கொழிந்து, பெரும்பாலும் ளகரத்தில் கரைந்துவிட்டது. எழுத அவர்களிடம் எழுத்தே இல்லை. அதனால் அது கரடு இல்லை. அந்திமப் பட்டியிலும் அப்படியேதான் வரும்.